சுமைதாங்கிக் கல்லும் பூக்கூடையும்: அமானுஷ்யக் காதலை அவசரமில்லாமல் எழுத

பேயோ, யட்சனோ, கந்தர்வனோ, எதுவாக இருந்தாலும் சரி, அதற்கும் ஒரு மனுஷிக்கும் காதல் வருவதை எழுத நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் அத்தியாயத்தில் பார்த்து மூன்றாவதில் கட்டிப்பிடிக்கிற கதையைப் பற்றி இங்கே பேசவில்லை. ஸ்லோ பர்ன், அதாவது மெல்ல மெல்லக் கனிகிற காதல் என்று வாசகர்கள் தேடிப் படிக்கிற வகை இது. 30-வது அத்தியாயத்தில் ஒரு விரல்நுனி பட்டால் படிக்கிறவர் போனைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் சும்மா உட்கார வேண்டும். நாகர்கோவில் பக்கத்தில் இருந்துகொண்டு இந்த வகையில்தான் தொடர்கதை எழுதுகிறேன். எனக்கு உயிரான வகை.

மெதுவாகப் போவதற்கும் இழுத்தடிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு மனுஷர்களின் காதலைத் தள்ளிப்போட வேண்டுமானால் தடையை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும்: அப்பா சம்மதிக்கவில்லை, அத்தை மகன் குறுக்கே வந்தான், யாரோ அனுப்பிய மெசேஜைத் தப்பாகப் புரிந்துகொண்டாள். நாலு அத்தியாயம் போனால் வாசகருக்கு எரிச்சல் வரும். 'இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினால் முடிந்துவிடுமே' என்று தோன்றும். அமானுஷ்யக் காதலில் தடை எதிரே நிற்பவரின் உடம்பிலேயே இருக்கிறது. இருவருக்கும் சம்மதம், இருவரும் மனம் விட்டுப் பேசியாயிற்று, அப்படியும் முடியவில்லை. யார் மேலும் கோபப்பட வழியில்லாத காத்திருப்பு அது. அதனால்தான் அது கசப்பதில்லை, இனிக்கிறது.

இன்னொன்று காலம். ஒருவருக்குச் சாவு கிடையாது, மற்றவருக்குத் தலை நரைக்கிறது. 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று அவன் சொன்னால் அவனுக்கு ஒன்றும் குறையாது. அவளுக்கு ஒரு நாள் குறையும். இந்தக் கணக்கு ஒவ்வொரு சந்திப்பிலும் அடியில் ஓடிக்கொண்டிருந்தால் அத்தியாயத்தில் பெரிதாக எதுவும் நடக்க வேண்டாம். அவர்கள் மழை வருமா என்று பேசிக்கொண்டாலே போதும், மனசு பிசையும்.

விதியை முதலில் எழுதுங்கள்

கதாபாத்திரத்தின் பெயர், கண், மீசை எல்லாம் அப்புறம். அந்த அமானுஷ்யருக்கு என்ன முடியும், என்ன முடியாது, முடியாததைச் செய்தால் என்ன விலை. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கதை முடிகிற வரை அந்தத் தாளை மாற்றக் கூடாது.

நம்மிடம் இதற்கு நல்ல பழக்கம் ஏற்கெனவே உண்டு. நளவெண்பாவில் சுயம்வர மண்டபத்தில், தமயந்தியை மணக்க வந்த நான்கு தேவர்களும் நளனைப் போலவே உருவெடுத்து உட்கார்ந்திருப்பார்கள். தமயந்தி எப்படிக் கண்டுபிடிக்கிறாள்? உண்மையான நளனின் கண் இமைக்கிறது, பாதம் தரையில் படுகிறது, கழுத்து மாலை வாடுகிறது. மகாபாரதத்தில் வருகிற நளன் கதை இன்னும் இரண்டு சேர்க்கும்: தேவர்களுக்கு வியர்க்காது, நிழல் விழாது. தொல்காப்பியக் களவியலிலும் இதே விஷயம் வருகிறது. முதல்முறை பார்க்கிற பெண் தெய்வமோ என்று தலைவனுக்குச் சந்தேகம் வந்தால் அதைத் தீர்க்கிற அடையாளங்களில் மொய்க்கிற வண்டு, அணிந்த பூ, இமைப்பு, அச்சம் எல்லாம் உண்டு. காமத்துப்பாலின் முதல் குறளே 'அணங்குகொல்', அதாவது 'தெய்வப் பெண்ணோ' என்றுதான் தொடங்குகிறது. இவள் மனுஷிதானா என்ற கேள்வியில்தான் நம் காதல் பாட்டுகள் பாதி பிறந்திருக்கின்றன.

இந்த அடையாளங்கள் எவ்வளவு சின்னவை என்று பாருங்கள். கொம்பு இல்லை, சிறகு இல்லை, கண்ணில் நெருப்பு இல்லை. ஒரு இமைப்பு, ஒரு வியர்வைத் துளி. உங்கள் விதியும் இந்த அளவில்தான் இருக்க வேண்டும். விதி சின்னதாக இருந்தால்தான் அது மயிரிழை மயிரிழையாக இளகுவதைக் காட்ட முடியும். 25 அத்தியாயம் இமைக்காத கண் ஒருமுறை இமைத்தால் அதுவே முத்தம்.

என் கதையின் விதியைச் சொல்கிறேன், உதாரணத்துக்கு. ஆரல்வாய்மொழிக்கும் தோவாளைக்கும் நடுவே, பழைய பாதையோரம் ஒரு சுமைதாங்கிக் கல். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவுக்கு நம் ஊர்களில் நட்டுவைப்பார்களே, இரண்டு கல்லை நிறுத்தி மேலே ஒரு கல்லைக் கிடத்தி, தலைச்சுமைக்காரர்கள் துணையில்லாமல் இறக்கி வைக்கிற உயரத்தில், அதுதான். நட்டவன் அவள் புருஷன். அவனும் செத்து இருநூறு வருஷம் ஆகிறது, கல்லை விட்டுப் போகவில்லை. கல்லின் மேல் இறக்கி வைத்த பொருளை மட்டும் அவனால் தொட முடியும். அவன் தொட்ட பூ அன்று முழுக்க வாடாது. ஒவ்வொரு முறை தொடும்போதும் அவனுடைய பழைய நினைவு ஒன்று அழிந்துபோகும்.

மூன்றே வாக்கியம். ஆனால் கதை முழுவதும் அதற்குள் இருக்கிறது. பூக்காரி கூடையை இறக்கி வைப்பாள். ஒரு நாள் தெரியாமல் கையை ஊன்றுவாள். ஒரு நாள் தெரிந்தே ஊன்றுவாள். அவளுக்காக அவன் இழக்கப்போகும் கடைசி நினைவு யாருடையது என்று வாசகருக்கு முன்கூட்டியே தெரியும், அவளுக்குத் தெரியாது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஊரில் கும்பிடுகிற தெய்வத்தை எடுத்துக் காதலனாகவோ காதலியாகவோ ஆக்காதீர்கள். என் கதை நடக்கிற பாதையில் முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் இருக்கிறது. அவள் என் கதையில் வருவாள், ஆனால் பஸ்ஸில் போகிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிற தெய்வமாகத்தான் வருவாள். இசக்கியும் மாடனும் வாதையும் கொடை (ஊர்க் கோயில் விழா) வாங்குகிற தெய்வங்கள், பல குடும்பங்களுக்குப் பாட்டன் பாட்டி. வில்லுப்பாட்டில் அவர்கள் கதை கேட்டு அழுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்களுக்கு வேண்டியதை நீங்களே உண்டாக்கிக்கொள்ளுங்கள். மரம், கிணறு, கல், பாழடைந்த வழியம்பலம் என்று இடத்துக்கா பஞ்சம்?

மனுஷிக்கு ஒரு வேலை கொடுங்கள்

மெதுவான காதலுக்குத் தீனி திரும்பத் திரும்ப நடக்கிற சந்திப்புதான். ஒரே இடம், ஒரே நேரம், ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மாற்றம். இதைத் தற்செயலை நம்பி எழுத முடியாது. வேலைதான் இழுத்துக்கொண்டு வர வேண்டும்.

என் நாயகி வடிவுக்கு 38 வயது. புருஷன் இல்லை, மகள் கல்லூரி விடுதியில். தோவாளைச் சந்தையில் விடியுமுன்னே பூ எடுத்துப் பக்கத்து ஊர்களில் விற்கிறாள். சந்தைக்குப் போகிற நேரமும் பேய்க்கு உகந்த நேரமும் ஒன்றாகிவிட்டது, நான் வலிந்து கொண்டுவர வேண்டியதில்லை. பூவே கதைக்கு மாசக் கணக்கும் போடும். மார்கழிக் குளிரில் மல்லி வரத்து குறைந்து விலை ஏறும். ஓணம் நெருங்கினால் கேரளத்துக்காரர்கள் வந்து கூடை கூடையாக அள்ளிக்கொண்டு போவார்கள். ஆனி ஆடியில் கணவாய்க் காற்று ஆளையே தள்ளும். ஒவ்வொன்றும் சந்திப்பின் நேரத்தை, அவசரத்தை, மனநிலையை மாற்றும். கூடைப் பூவுக்கு என்ன விலை போகிறது, கடனுக்குக் கொடுத்த வியாபாரிக்கு எவ்வளவு பாக்கி, ஒரு முழம் கட்ட எவ்வளவு நேரம் என்றெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை. ஆனால் வாடாத பூ கையில் இருந்தால் அவள் என்ன செய்வாள் என்ற கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. சாயங்காலம் வரை மொட்டு விரியாமல் நிற்கிற பிச்சியை எல்லாரும் தேடி வந்து வாங்குவார்கள், பக்கத்துக் கடைக்காரி பொறாமைப்படுவாள், வடிவுக்குக் கடன் அடையும். அவன் அன்பு அவள் வீட்டு அரிசிப்பானை வரைக்கும் வந்துவிட்டது. அதற்கு அவன் கொடுக்கிற விலை தெரியவரும் நாளில் அவள் எப்படிக் கூனிக்குறுகிப் போவாள்!

வயதும் கவனிக்க வேண்டிய விஷயம். நூற்றுக்கணக்கான வருஷம் பார்த்த ஓர் உயிரை 17 வயதுப் பெண்ணோடு சேர்க்க நான் சம்மதிக்க மாட்டேன். வாழ்ந்து, இழந்து, தன் முடிவைத் தானே எடுக்கத் தெரிந்த மனுஷியாக இருக்கட்டும். அவனோடு சரிக்குச் சரியாகப் பேச அவளிடமும் கதை இருக்க வேண்டும்.

எப்படிக் கூப்பிடுவாள்?

தமிழில் எழுதுகிறவர்களுக்குக் கிடைத்திருக்கிற செல்வம் இது, இதில்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். முன்பின் தெரியாத ஆண்பிள்ளையைச் சந்தைக்குப் போகிற பெண் என்னவென்று கூப்பிடுவாள்? 'அண்ணாச்சி' என்பாள், இல்லாவிட்டால் 'அண்ணே'. அப்படிக் கூப்பிட்டுவிட்டாளானால் காதலுக்கு வழி அடைபட்டுவிடும். 'ஏங்க' என்றால் பெண்டாட்டி கூப்பிடுவது போல ஆகிவிடும், அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. ஆகவே அவள் கூப்பிடாமலே பேச வேண்டும்.

முதல் சில அத்தியாயங்களில் வடிவு அவனிடம் பேசுவதே இல்லை, கல்லிடம்தான் பேசுகிறாள். 'செத்த நேரம் தாங்கிக்கோ, முதுகு நிமித்திக்கிடுதேன்.' அப்புறம் இருட்டைப் பார்த்து, 'யாரு அது?' அடுத்து எங்கள் பக்கத்துப் பாதி மரியாதை: 'நீரு இங்கயேதான் கெடக்கேரா?', 'தள்ளி நில்லும்.' அது 'நீ' ஆகிற இடத்தை 20-வது அத்தியாயத்துக்கு முன்னால் வர விடாதீர்கள். அந்த 'நீ' கோபத்தில் வந்தால் இன்னும் நல்லது. 'நீ எனக்காவ எதையும் மறக்கண்டாம்!' என்று அவள் கத்தும்போது மரியாதை உதிர்ந்துபோனதை இருவரும் கவனிக்க வேண்டும், கதைசொல்லி கவனிக்கவே கூடாது. 'முதல்முறையாக அவனை ஒருமையில் அழைத்தாள்' என்று எழுதினீர்களோ, கெட்டது. வாசகருக்குக் காது இருக்கிறது.

அவன் பக்கமும் இதே ஏணி. அவன் அவளைக் 'கூடைக்காரி' என்கிறான். பிறகு 'பூக்காரி'. பெயரை அவன் கேட்பதில்லை. கேட்டால் அதையும் ஒரு நாள் மறக்க வேண்டியிருக்கும் என்ற பயம்.

தடைகளை வரிசையாக விழிக்க வையுங்கள்

விதி பெரிய தடை. அன்றாடத்துக்குச் சின்னத் தடைகள் வேண்டும். அகநானூற்றில் பரணர் பாடிய 122-வது பாட்டைப் படித்துப் பாருங்கள். இரவில் சந்திக்க ஊர் தூங்க வேண்டும். ஊர் தூங்கினால் அம்மா தூங்கவில்லை. அம்மா தூங்கினால் காவலர் சுற்றுகிறார்கள். அவர்கள் தூங்கினால் நாய் குரைக்கும், நாய் அடங்கினால் நிலா பகல் போலக் காயும், நிலா மறைந்தால் கூகை குழறும், அதுவும் ஓய்ந்தால் சேவல் கூவிவிடும். ஒன்று அடங்க இன்னொன்று விழிக்கிறது. யாரும் வில்லன் இல்லை. உலகம் அதன் பாட்டுக்கு நடக்கிறது, அவ்வளவுதான். என் கதையில் நாலுவழிச் சாலை லாரி, காற்றாலைக்குக் காவல் இருப்பவரின் டார்ச், மகளிடமிருந்து வருகிற போன், கூடவே நடந்து வருவேன் என்று அடம்பிடிக்கிற பக்கத்து வீட்டுப் பாட்டி, இவையெல்லாம் அந்த வேலையைச் செய்கின்றன.

பயத்தை விட்டுவிடாதீர்கள்

பல கதைகள் சாய்கிற இடம் இது. அஞ்சாவது அத்தியாயத்தில் பயம் தெளிந்துவிட்டால் அப்புறம் அவன் கொஞ்சம் வெளுத்த மனுஷன், வேறொன்றும் இல்லை. காதல் கூடக் கூட, அவன் நம்மவன் இல்லை என்பது இடையிடையே சுளீரென்று தெரிய வேண்டும்.

தாய்லாந்தில் மே நாக் என்ற பெண்ணின் கதை உண்டு. பாங்காக்கில் மகாபுத் கோயிலில் இன்றும் அவளுக்குச் சன்னதி இருக்கிறது. புருஷன் போருக்குப் போயிருக்கும்போது பிரசவத்தில் இறந்துவிடுகிறாள். திரும்பி வந்தவனுக்கு அது தெரியாது, அவளோடும் குழந்தையோடும் குடும்பம் நடத்துகிறான். ஒரு நாள் சமையலுக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழம் பலகைத் தரையின் இடுக்கு வழியே கீழே விழுகிறது. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டுகிறாள். கை நீண்டுகொண்டே போய் மண்ணில் கிடக்கிற பழத்தை எடுக்கிறது. அவ்வளவுதான். ரத்தம் இல்லை, அலறல் இல்லை. சமையல் வேகத்தில், புருஷன் பசியாற வேண்டும் என்ற அவசரத்தில் செய்த காரியம். அன்பும் பயமும் ஒரே அசைவில் இருக்கின்றன.

நாலைந்து அத்தியாயத்துக்கு ஒருமுறை இப்படி ஒன்று உங்களுக்கும் வேண்டும். அதுவும் நெருக்கம் கூடுகிற காட்சியின் நடுவில். என் கதையில் ஆடிக் காற்றடிக்கிற விடியலில் இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். அவள் முந்தானை பறக்கிறது, கூடை மூடிய துணி பறக்கிறது, மண் கண்ணில் அடிக்கிறது. அப்போதுதான் அவன் வேட்டியைப் பார்க்கிறாள். ஒரு மடிப்புகூட அசையவில்லை. அவள் பேச்சை நிறுத்தவில்லை. ஆனால் கூடையை ஏற்றுகிற கை நடுங்குகிறது.

பயம் வேறு, அடக்குமுறை வேறு. அவனுக்குச் சக்தி இருக்கிறது, அவளுக்கு இல்லை. தூங்குகிறவளின் அறையில் நின்று பார்ப்பது, மனதைப் படிப்பது, அவளைக் கேட்காமல் எதிரியைத் தண்டிப்பது என்று எழுதிவிட்டு அதைக் காதல் என்பதை என்னால் ஏற்க முடியாது. கட்டுப்பாடு எப்போதும் சக்தி உள்ளவர் மேல் இருக்க வேண்டும். அவன் கல்லை விட்டு நகர முடியாது. அவள் வேறு பாதையில் போகலாம், பஸ் ஏறிப் போகலாம், ஒரு மாசம் வராமலே இருக்கலாம். வந்தால் அவள் விருப்பத்தால் வந்தாள். ஒரு அத்தியாயமாவது அவள் வராமல் இருக்கட்டும். காலிக் கல், விடிகிற வானம், அவன் மட்டும். வாசகர்கள் அதிகம் ஏங்குவது அந்த அத்தியாயத்துக்குப் பிறகுதான்.

முடிவு

பழைய கதைகள் பெரும்பாலும் பிரிவில் முடியும். தேவலோகத்து ஊர்வசி, தான் போட்ட நிபந்தனை உடைந்ததும் அரசன் புரூரவஸை விட்டுப் போகிறாள். மகாபாரதத்தில் கங்கை, கணவன் சந்தனு ஒரு கேள்வி கேட்டதும் போகிறாள். மணிமேகலையில் நாக நாட்டுப் பீலிவளை புகாரின் சோலையில் சோழனோடு ஒரு மாதம் இருந்துவிட்டுச் சொல்லாமல் போகிறாள். பிறகு அவள் மகன் கடலில் தொலைய, அந்தத் துக்கத்தில் அரசன் இந்திர விழாவை மறக்க, பட்டினத்தையே கடல் கொள்கிறது. ஒரு மாசக் காதலுக்கு ஒரு நகரம் விலை.

பிரிவுதான் உயர்ந்தது என்று நான் நினைக்கவில்லை. சேர்ந்து வாழ்வதையும் எழுதலாம். அவன் மனுஷனாகலாம், அவள் அவனைப் போல் ஆகலாம், இருவரும் விதியோடு சமாதானம் செய்துகொண்டு பாதி உலகில் குடித்தனம் நடத்தலாம். ஒரே நிபந்தனை: சுவரில் ஒட்டிய தாளில் எழுதியிருக்கிற விலையை யாராவது கட்டியாக வேண்டும். கடைசி அத்தியாயத்தில் ஒரு சாமியார் வந்து மந்திரம் சொல்லி விதியை ரத்து செய்தால், அத்தனை நாள் காத்திருந்த வாசகரை அவமதித்தது போல.

கைவேலை இரண்டு சொல்கிறேன். தினசரி கிழிக்கிற நாள்காட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சந்திப்புக்கும் தேதி, திதி குறியுங்கள். அமாவாசைக்கு மூன்றாம் நாள் விடியற்காலையில் நிலா காயாது. இருட்டில் முகம் தெரியாமல் குரலை வைத்து மட்டும் நடக்கிற சந்திப்புகள் எவை, முகம் தெரிகிறவை எவை என்று அதுவே பிரித்துக் கொடுக்கும். முதல் முறை அவன் முகத்தை முழுசாகப் பார்க்கிற காட்சியைப் பௌர்ணமிக்கு அடுத்த விடியலில் வையுங்கள், மேற்கே சாய்கிற நிலா அவன் மேல் நேராக விழும்.

எழுதி முடித்த பிறகு மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, அவர்கள் சந்திக்கிற காட்சிகளை மட்டும் வரிசையாக எடுத்து ஒரே மூச்சில் வாசியுங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் முந்தினதிலிருந்து என்ன மாறியது என்று ஒரு வரி எழுதுங்கள். தூரம் ஒரு அடி குறைந்தது, அவன் சிரித்தான், அவள் பொய் சொன்னாள், 'நீரு' என்றாள். எழுத ஒன்றும் இல்லாத காட்சியை எடுத்துவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும். இரண்டு மாற்றம் வந்துவிட்ட காட்சியைப் பிரித்து இரண்டாக்குங்கள்.